பால் கணக்கு

மன்னார்குடி,
7.12.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அம்மாவுக்கு இந்த மறதி எப்போது தொடங்கியதப்பா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். கீழத்தெரு அக்கா கூடத்தில் துணைக்கு இருக்கிறார். எழுந்திருப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தையில் நீ தனியாக கிளினிக் திறக்கப்போகிறாய். ஆகவே இந்தப் பதில் மகளுக்கு மட்டுமல்ல, அந்த நாற்காலியில் உட்காரப்போகும் மருத்துவருக்கும் சேர்த்துத்தான்.

பதில் பரண் மேல் இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டர் உனக்கு நினைவிருக்கும். காலைப் பாலுக்கு ஒரு கோடு, மாலைப் பாலுக்கு ஒரு கோடு, பால் வராத வேளைக்குச் சின்ன வட்டம், மாதக் கடைசியில் கீழே கூட்டுத்தொகை. வருடம் முடிந்தால் அம்மா அதைத் தூக்கி எறியமாட்டாள். அலமாரித் தட்டில் விரிக்க உதவும் என்று சுருட்டிப் பரணில் போட்டுவிடுவாள். நீ கேட்ட அன்று இரவு எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி, நோயாளியின் பழைய சீட்டுகளைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன்.

2019, 2020 இரண்டிலும் ஒரு பிசிறு கிடையாது. 2021 ஆகஸ்டில் கீழே 62 என்று எழுதி அடித்திருக்கிறாள். பக்கத்தில் 58 என்று எழுதி அதையும் அடித்திருக்கிறாள். பிறகு மறுபடியும் 62. முப்பத்தோரு நாள், இரண்டு வேளை, அரை லிட்டர் கணக்கு 62. வேறென்ன வரும்? பள்ளியில் வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளம்மா அவள். அக்டோபரில் ஒரே கட்டத்தில் நான்கு கோடுகள். 2022 மார்ச்சில் 20-ஆம் தேதிவரை கோடுகள் இருக்கின்றன, அப்புறம் வெறும் கட்டங்கள். கூட்டுத்தொகை பால்காரர் கையெழுத்தில் இருக்கிறது. தினமும் காலையில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் நான் காபிக்குப் போனேன்.

தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் இது அல்சைமர் என்னும் மறதி நோய் என்று சொன்னது 2024 ஜனவரியில். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவது அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதை நான் கண்டிருக்க வழியில்லை. ஆனால் இரண்டரை வருடமாகக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் மறைத்ததும் அதுதான். 2022 ஆடியில் சங்கிலி காணாமல் போனபோது கீழத்தெரு அக்காதான் எடுத்துவிட்டார் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். பன்னிரண்டு வருடமாக நம் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். நான் ஒரு வார்த்தை யோசிக்காமல் அவரை நிறுத்திவிட்டேன். கார்த்திகையில் உளுந்து டப்பாவின் அடியிலிருந்து சங்கிலி வந்தது. அப்போதும் நான் நோயை நினைக்கவில்லை, அம்மாவின் கவனக்குறைவைத்தான் நினைத்தேன். மறதி நோய் மறதியாகத்தான் வந்து கதவைத் தட்டும் என்று எண்ணிவிடாதே. சந்தேகமாக வரும். கோபமாக வரும். நாள்முழுக்க எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதாக வரும்.

இது புதிதல்ல என்பதுதான் எனக்குக் கூடுதல் வேதனை. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு ஆகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டதைப் படித்திருப்பாய். அவரிடம் முதலில் தெரிந்தது கணவர் மேல் சந்தேகம். மறதி அதற்குப் பிறகுதான். அலாய்ஸ் அல்சைமர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டதையும் அவர் சொன்னதையும் அப்படியே எழுதிவைத்தார். மதியம் தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, கீரை என்றார். தன் பெயரை எழுதச் சொன்னபோது எழுத முடியவில்லை, "நான் என்னைத் தொலைத்துவிட்டேன்" என்றார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அந்த நவம்பரில் ட்யூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் இதைப் பேசினார். மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது அவர் இறந்த பிறகுதான். அதற்கு முன் ஏறக்குறைய ஐந்து வருடம் கைவசம் இருந்தது அந்தக் கேள்வியும் பதிலும்தான்.

நான் கேட்கவில்லை. எத்தனையோ பேர் தாயையும் தகப்பனையும் அழைத்துவந்து, "டாக்டர், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்" என்பார்கள். "வயதானால் அப்படித்தான் இருக்கும், ஒன்றுமில்லை" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதுவேன். அவர்களும் ஆறுதலாகப் போய்விடுவார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு முப்பது முதியவர்களைப் பார்த்தேன் என்றால் அதில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன். அந்த வாக்கியம் உன் வாயில் வரவே கூடாது. பரிசோதிப்பதற்கு முன்னால் நிச்சயம் கூடாது.

பாடம் உனக்குத் தெரியும். அறையில் நடப்பதைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் அந்த மருத்துவர் அம்மாவிடம், "இன்றைக்கு என்ன தேதி?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நானும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். மருத்துவர் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கல்யாண வீட்டில் யார் பெயரையாவது கேட்டால், கடையில் எவ்வளவு கொடுத்தாய் என்றால், நீ எந்த வருடம் பிறந்தாய் என்று யாராவது விசாரித்தால், அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான் சொல்லிவிடுவேன். அது எங்கள் நெருக்கம் என்றே நினைத்திருந்தேன். உன் அறைக்கு வருகிறவரின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்.

அன்று எடுத்த, நினைவையும் அறிவையும் கேள்விகளால் சோதிக்கும் எம்.எம்.எஸ்.ஈ. தேர்வில் அம்மாவுக்கு 30-க்கு 26. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் தேறிவிட்டாள் என்று அனுப்பியிருப்பார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது பள்ளிக்கூடக் குரலில் கடகடவென்று சொன்னாள். போன நான்கில் தேதிக்கு ஒன்று. மீதி மூன்றும், சற்று முன் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்கள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. "எந்தச் சொற்கள்?" என்று கேட்டாள். மூன்று சொற்கள் சொல்லப்பட்டதே நினைவில் இல்லை. படித்தவர்கள் மொத்தத்தில் ஜெயித்துவிடுவார்கள், பாப்பா. எங்கே தோற்றார்கள் என்பதைப் பார்.

படிக்காதவர்களுக்கு இது தலைகீழ். பென்சிலே பிடிக்காத கையில் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னால் நல்ல மூளையும் தோற்கும். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் இதற்காகவே 1990-களில் எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்கென்று கேள்விகளை மாற்றி வகுத்தார்கள். நீ கேட்க வேண்டியது அவர்கள் வாழ்க்கையில் இருக்கிறது. ரேஷன் கடைக்குத் தனியாகப் போய் மிச்சக் காசு சரியாக வாங்கி வருகிறார்களா? நூறு நாள் வேலையில் சம்பளம் எவ்வளவு வந்தது என்று சொல்ல முடிகிறதா? போன வருடம் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இந்த வருடம் மருமகள் செய்கிறாள்? இதையெல்லாம் கூட வந்தவரிடம் தனியாகக் கேள். நோயாளி முன்னால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள், மரியாதை விடாது. இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி ஒரு தாதியுடன் அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கேட்டால் போதும். காது கேட்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடு. கேள்வியே காதில் விழாதவர் எப்படிப் பதில் சொல்வார்?

எல்லாமே அல்சைமர் என்றும் முடிவு கட்டிவிடாதே. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரை, புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் கூட்டிவந்தார். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், சுத்த சைவம். இரண்டும் சேர்ந்ததில் பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டு மூன்று மாதத்தில் பட்டா எண்களை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்து தலைக்குள் தேங்கிய இரத்தம், தூக்க மாத்திரை, சளி மாத்திரை: ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வா. வீட்டிலிருக்கும் மருந்துகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு மொத்தமாக எடுத்துவரச் சொல். சீட்டில் இல்லாதது அந்தப் பையில் இருக்கும்.

உன்னிடம் பலர் புதிய ஊசியைப் பற்றிக் கேட்பார்கள். லெக்கனமேப் 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, திருப்பவும் இல்லை. மூளையில் வீக்கமும் கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தவிர, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்குத்தான் அது. அம்மா அந்த வாசலைத் தாண்டிவிட்டாள். இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்திருக்கிறது. அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மட்டும். நல்லபடியாக இருப்பவர் பயத்தில் வந்து கேட்டால் எழுதிக்கொடுத்துவிடாதே.

அம்மாவுக்கு டோனெபெசில் மாத்திரைதான். 10 மில்லிகிராமுக்கு ஏற்றியபோது நாடி 48-க்கு இறங்கித் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள், மறுபடி ஐந்துக்கே வந்துவிட்டோம். எழுதும் முன் நாடியைப் பிடித்துப் பார், எழுதிய பின்னும் பார்.

மருந்துக்காக மட்டும் நான் அந்த இரண்டரை வருடத்தை நினைத்து வருந்தவில்லை. அன்று ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவே கேட்டாள்: "என்னிடம் மறைக்காதீர்கள். எனக்கு என்ன?" நான் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கடைசிவரை இந்த வீட்டில்தான் இருப்பேன். பெண்ணைப் படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவளால் இப்படித் தெளிவாகச் சொல்ல முடிந்தது. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட்டாள். உன் பாட்டியின் வளையல் யாருக்கு என்று சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு கேட்டிருப்பேன்! கூட வந்தவரை வெளியே அழைத்து ரகசியமாகச் சொல்லி அனுப்பும் வழக்கத்தை நீ வைத்துக்கொள்ளாதே. நோய் யாருடையதோ அவருக்கும் சொல்.

ஐப்பசியில் இரண்டு இரவு அம்மா கத்தித் தீர்த்தாள். மனநோய் மருந்து கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லேயே எச்சரிக்கை வந்தது உனக்குத் தெரியும். சிறுநீரைச் சோதித்தோம். கிருமித்தொற்று. ஐந்து நாளில் அடங்கிவிட்டாள். திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று எழுதாதே, வலியா, மலச்சிக்கலா, தொற்றா என்று தேடு.

சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகலாம்" என்று செருப்பைத் தேடுவாள். முதல் ஆறு மாதம், இதுதான் உன் வீடு என்று வாதாடினேன். அவள் அழுதாள், நானும் களைத்தேன். இப்போது வாதாடுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஹரித்ராநதிக் குளக்கரைவரை நடக்கிறோம். திரும்பி நம் வாசலுக்கு வந்ததும், "வந்துவிட்டோம்" என்பாள்.

போன முறை போனபோது அந்த மருத்துவர் அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இத்தனை வருட வைத்தியத்தில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி. நீ கேள்.

கீழத்தெரு அக்காவின் வீட்டுக்கு 2024 பிப்ரவரியில் போனேன். வாசலில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "அம்மா சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் வந்துவிட்டார். இன்று அம்மா என் கையால் குளிக்கமாட்டாள், அவர் கையால் குளிப்பாள். நீ வரும்போது அவருக்கு ஒரு நல்ல சேலை எடுத்துவா. பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்.

பால் கணக்கு இப்போது மறுபடியும் அம்மாவிடம்தான். காலையில் பால் வந்ததும் பென்சிலைக் கையில் கொடுத்துக் காலண்டர் முன்னால் நிறுத்துகிறேன். அவளுக்குப் பிடித்த கட்டத்தில் கோடு போடுகிறாள், சில நாள் பொங்கலிலும் தீபாவளியிலும்கூடப் போடுகிறாள். பால்காரர் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அடுத்த வருடத்துக்கு இங்கே கிடைக்கும் காலண்டர்களில் கட்டங்கள் சிறியவையாக இருக்கின்றன. அங்கே பெரிய கட்டம் உள்ளது கிடைத்தால் இரண்டு வாங்கிவா. ஒன்று கிழிந்தாலும் இன்னொன்று இருக்கும்.

கூடத்தில் பேச்சுக்குரல் கேட்கிறது. எழுந்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா