கணக்கு வராத பிள்ளைகளும் பியானோ வேலைக்கு வரட்டும்

மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்விக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இதில் ஆசை வைக்கும் பிள்ளைகளிடம், "கணக்கு நல்லா வரணும், உனக்குச் சரிப்படாது" என்று யாராவது சொல்லி அனுப்பினால் எனக்கு மனசு தாங்குவதில்லை. அப்படிச் சொல்லாதீர்கள்.

ஒரு ஸ்தாயியை 12 சம இடைவெளிகளாகப் பிரிக்கும் கணக்கு கடினமானதுதான். ஆனால் சுருதி சேர்க்கும்போது அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒலி ஏறி இறங்கும். இயற்பியல் வகுப்பில் விம்மல் என்று நடத்துவது இதைத்தான். பியானோவின் நடுவில் இருக்கும் சி என்ற சுரத்துக்குக் கீழே உள்ள எஃப், ஏ சுரக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு ஏறக்குறைய 7 விம்மல் வர வேண்டும். அந்த வேகத்துக்குக் காது பழக வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான கட்டைகளுக்கு மும்மூன்று கம்பிகள். மூன்றும் ஒரே சுருதியில் ஒன்று சேரும்போது அவற்றுக்கிடையே விம்மல் நின்றுவிடும். தம்புராவில் சுருதி கூட்டிப் பழகிய பிள்ளைக்கு இது எளிதில் பிடிபடும்.

கைக்குத்தான் இன்னும் நிறைய வேலை. சுமார் 230 கம்பிகள், மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். கம்பி சுற்றிய ஆணியைச் சாவியால் மயிரிழை திருப்பி, மரத்துக்குள் அசையாமல் நிற்க வைக்க வேண்டும். நின்றதா என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். அந்த உணர்வு படிய வருஷங்கள் ஆகும். அப்புறம் நம் ஊர் ஈரப்பதம். காற்றில் ஈரம் ஏறினால், கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகை உப்பிச் சுருதி கூடும், காய்ந்தால் இறங்கும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை.

பார்வையற்றவரான குளோது மோந்தால் பாரிஸில் இந்தத் தொழிலில் பெயரெடுத்தவர். 1836-இல் சுருதி சேர்ப்பது பற்றி ஒரு நூலே எழுதினார். அவருக்குப் பின் எத்தனையோ பார்வையற்றவர்கள் இதையே தொழிலாகக் கொண்டார்கள்.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டை சுமார் 10 மி.மீ. அழுந்த வேண்டும், கம்பியின் பருமனை அளக்க வேண்டும், பில் போட வேண்டும். புதுப் பியானோவுக்குக் கம்பி நீளங்களை வடிவமைப்பவருக்கு நிஜமாகவே கணிதம் தேவை. ஆனால் மரம் இழைப்பவருக்கும், கம்பியைத் தட்டும் சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்திப் பதப்படுத்துபவருக்கும் அது தேவையில்லை.

உங்கள் பள்ளியிலோ பக்கத்துத் தேவாலயத்திலோ பியானோ இருந்தால், சுருதி சேர்க்க ஆள் வரும் நாளில் அந்தப் பிள்ளையை இரண்டு மணி நேரம் கூடவே உட்கார அனுமதியுங்கள். விம்மல் கேட்கிறதா என்று விசாரியுங்கள். கேட்கிறது என்றால், வேலை பழக எங்களிடம் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு பியானோ பழுதுபார்ப்பவர்