முதல் எபிசோடைக் கடைசியில் காட்டிவிட்டு, பார்க்க ஆளில்லை என்றார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாராவாரம் வீட்டிலிருந்தே பார்க்க நாலைந்து வெளிநாட்டுத் தொடர்களின் பெயர் போடுகிறீர்கள். என் அண்ணன் மகள் அதை நம்பி ஒரு விண்வெளித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்று ராத்திரி தூங்கவில்லை. நாலாம் நாள் காலையில் வீங்கிய கண்ணோடு வந்து, “அடுத்த சீசன் எப்போ சித்தப்பா?” என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். அடுத்த சீசன் கிடையாது, எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறக்கப் போன கை அப்படியே நிற்கிறது, உள்ளே யார் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு 2005இல் என் முகம் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த என் அத்தை மகன், “இதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதே” என்று சொல்லி ஒரு டிவிடி பெட்டியைக் கொடுத்தான். தொடரின் பெயர் ஃபயர்ஃப்ளை. ஜாஸ் வீடன் உருவாக்கியது. 2517ஆம் ஆண்டு, செரினிட்டி என்கிற ஓட்டை விண்கலம், அதில் ஒன்பது பேர். போரில் தோற்ற பக்கத்தில் நின்ற ஒரு சார்ஜென்ட் இப்போது கேப்டன், கிடைத்த சரக்கை ஏற்றி, கிடைத்த வேலையைச் செய்து, எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் அல்லாடுகிறவர். நேதன் ஃபிலியன் நடித்தார். பளபளக்கிற சீருடை கிடையாது, வேற்றுக்கிரகவாசி ஒருவர்கூடக் கிடையாது, விண்வெளியில் வெடித்தால் சத்தமே வராது (அதைக் கவனித்துச் செய்த தொடர்கள் ரொம்பக் குறைவு). கெட்ட வார்த்தைகளைச் சீன மொழியில் பேசுவார்கள், சென்சாருக்கும் தொல்லை இல்லை. 14 எபிசோட். இரண்டே நாளில் முடித்துவிட்டு அத்தை மகனைத் திட்டினேன்.

ஏன் 14 என்று விசாரித்தபோதுதான் வயிறு எரிந்தது.

அமெரிக்காவில் இதை ஒளிபரப்பியது ஃபாக்ஸ் நெட்வொர்க். வீடன் இரண்டு மணி நேர முதல் எபிசோட் எடுத்துக் கொடுத்தார். அந்தப் போர், அதில் தோற்றவர்கள் போட்டிருந்த பழுப்பு கோட்டு, ஒரு இளம் டாக்டர் பெரிய பெட்டியோடு கப்பலில் ஏறுவது, பெட்டிக்குள் என்ன என்று எல்லோரும் சந்தேகப்படுவது, திறந்தால் அவருடைய தங்கை உள்ளே கிடப்பது எல்லாம் அதில்தான். நெட்வொர்க்குக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் அடிதடி, இன்னும் வேகம் வேண்டும், வேறொரு முதல் எபிசோட் கொடு என்றார்கள். வீடனும் தொடரின் இன்னொரு எழுத்தாளர் டிம் மினியரும் ஒரு சனி ஞாயிறில் உட்கார்ந்து ரயில் கொள்ளைக் கதை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். 2002 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு அதுதான் முதலில் வந்தது. உண்மையான முதல் எபிசோட் எப்போது வந்தது தெரியுமா? டிசம்பர் 20. ஃபாக்ஸ் ஒளிபரப்பிய எபிசோட்களில் அதுதான் கடைசி.

நம் வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்துப் பைண்ட் செய்து வைத்த ஆட்கள் இருந்தார்கள், என் பாட்டி அந்த ரகம். ஒரு பத்திரிகை இரண்டாம் அத்தியாயத்தில் ஆரம்பித்து, நடுவில் வரிசையைக் கலைத்துப் போட்டு, முதல் அத்தியாயத்தைக் கடைசி வாரம் அச்சடித்துவிட்டு, “வாசகர்களிடம் வரவேற்பு இல்லை, நிறுத்துகிறோம்” என்று கட்டம் போட்டிருந்தால் பாட்டி நேரே பத்திரிகை ஆபீசுக்கே போயிருப்பார். ஃபாக்ஸ் செய்தது இதேதான். பெட்டியைத் திறக்கிற காட்சி மக்கள் பார்வைக்கு வந்தபோது, உள்ளே இருக்கிற ரிவர் என்கிற அந்தத் தங்கையை அவர்கள் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெய்லி என்கிற மெக்கானிக் பெண் குண்டடிபட்டுப் பிழைப்பாளா மாட்டாளா என்று பதற வேண்டிய இடத்தில், அவள் பத்து எபிசோட் சிரித்து விளையாடி முடித்திருந்தாள். இதில் எங்கே இருந்து பதற்றம் வரும்? 11 எபிசோட் காட்டினார்கள், எடுத்து முடித்த மூன்றைக் காட்டவே இல்லை. காட்டாத மூன்றில் ஒன்று தி மெசேஜ். தொடர் நின்றுவிட்டது என்று தெரிந்தபின், அதன் முடிவில் வரும் இறுதிச் சடங்குக் காட்சிக்கு இசையமைப்பாளர் கிரெக் எட்மன்சன் தொடருக்கே விடைகொடுப்பதுபோல இசை போட்டார். கேட்டால் தொண்டை அடைக்கும். அதையும் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார்கள், டிவிடி வந்த பிறகுதான் அமெரிக்க ரசிகர்கள் பெரும்பாலோர் பார்த்தார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கடைசியில் தள்ளப்பட்ட அந்த முதல் எபிசோடுக்குத்தான் 2003இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான எம்மி என்கிற அமெரிக்க டிவி விருது கிடைத்தது.

நெட்வொர்க்குப் பக்கமும் நியாயம் இருக்கும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விளம்பரம்தான் சோறு போடுகிறது. 18 வயதிலிருந்து 49 வயதுக்காரர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற நீல்சன் நிறுவனம் கொடுக்கிற கணக்கை வைத்துத்தான் விளம்பர நேரத்துக்கு விலை. விண்வெளித் தொடருக்குச் செட், கிராஃபிக்ஸ் என்று செலவு அதிகம், நாலு நண்பர்கள் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற காமெடிக்கு அந்தச் செலவு கிடையாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எந்த இளைஞன் அமெரிக்காவில் வீட்டில் இருப்பான்? இந்தப் பாடம் அவர்களுக்குப் புதிதும் இல்லை. 1968இல் என்பிசி என்கிற இன்னொரு நெட்வொர்க் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரை நிறுத்தப் போகிறது என்று பேச்சு வந்தபோது ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள், தொடர் தொடரும் என்று என்பிசி டிவியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் என்ன செய்தார்கள்? மூன்றாவது சீசனைத் தூக்கி வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போட்டார்கள். 1969இல் கதை முடிந்தது, 79 எபிசோடோடு. எக்ஸ் ஃபைல்ஸ் என்ற தொடர் அதே ஃபாக்ஸில் வெள்ளிக்கிழமைதானே வளர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அது ஒன்று தப்பியதைக் காட்டியே மற்றதை எல்லாம் அங்கே தள்ளினார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் நிறுத்தியதற்காகக்கூட இல்லை. பாதியில் விட்டதற்கும், பழியைப் பார்க்கிறவன் தலையில் போட்டதற்கும்தான். ஏனென்றால் இதே ஃபாக்ஸ், இதே வெள்ளிக்கிழமையில், ஒழுங்காக நடந்துகொண்ட கதையும் இருக்கிறது. ஃப்ரிஞ்ச் என்ற தொடரை 2011 ஜனவரியில் வெள்ளிக்கு மாற்றினார்கள். தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். நஷ்டத்தில்தான் ஓடுகிறது என்று நெட்வொர்க் தலைமையே வெளிப்படையாகச் சொன்னது. அப்படியும் கடைசியாக 13 எபிசோட் கொடுத்து, கதையை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2013 ஜனவரி 18 அன்று 100ஆவது எபிசோடோடு முடிந்தது. நான் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை. (100 எபிசோட் சேர்ந்தால் மறுஒளிபரப்புக்கு நல்ல விலைக்கு விற்கலாம் என்கிற கணக்கும் அதில் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு முடிவு கிடைத்ததே.) சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால், அதே ஆண்டு நவம்பரில் ஆல்மோஸ்ட் ஹியூமன் என்று ஒரு ரோபோ போலீஸ் தொடரை ஆரம்பித்து, மறுபடியும் எபிசோட்களை வரிசை மாற்றிக் காட்டி, 13இல் நிறுத்தினார்கள். பதினோரு வருடத்தில் என்ன கற்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆள் பார்க்கவில்லை என்பதிலும் எந்த ஆளை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம் சைஃபை என்கிற அமெரிக்கச் சேனல் தி எக்ஸ்பான்ஸ் என்ற விண்வெளித் தொடரை மூன்றாவது சீசனோடு கைவிட்டது. அந்தச் சேனலிடம் இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும். மறுநாள் இணையத்தில் பார்த்தவனும், வேறு நாட்டில் பார்த்தவனும் அவர்களுடைய கல்லாவுக்குக் கணக்கே இல்லை. நான் பார்த்ததும் அப்படித்தான், எண்ணப்படாத தலை. ரசிகர்கள் காசு போட்டு வாடகை விமானம் எடுத்து, பேனர் கட்டி, அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். இரண்டே வாரத்தில் அமேசான் எடுத்துக்கொண்டது, இன்னும் மூன்று சீசன் வந்தது. ஃபயர்ஃப்ளைக்கும் 2002இல் காசு சேர்த்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள், வேறொரு சேனலுக்குத் தபால் அட்டை அனுப்பினார்கள். யாரும் வாங்கவில்லை. டிவிடி நன்றாக விற்றபிறகு 2005இல் யுனிவர்சல் ஒரு படம் எடுக்க ஒத்துக்கொண்டது. ஏழு வருடத்துக்கு நிதானமாகச் சொல்ல வேண்டியதை இரண்டு மணி நேரத்தில் அமுக்கிய படம், நல்ல படம்தான், ஆனால் அதில் நடக்கிற ஒரு சாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 2007இல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் அந்தத் தொடரையும் படத்தையும் டிவிடியாகச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே கொண்டுபோனார். பார்க்க ஆளில்லாத தொடராம்.

நம் ஊர் சீரியலில் கல்யாணத்தில் தாலி கட்டுவதை மூன்று வாரம் இழுக்கிறார்கள் என்று திட்டுகிறோம். அங்கே தாலியைக் கையில் எடுத்ததும் கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். எது மேல் என்று என் மனைவியிடம் கேட்டேன், இரண்டையும் பார்க்காமல் இருப்பது மேல் என்றாள்.

அமெரிக்க நெட்வொர்க்குக்குத் தமிழில் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது, அது எனக்கும் தெரியும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த ஞாயிறு பக்கத்தில் தொடரின் பெயர், மொழி, எத்தனை சீசன் என்றெல்லாம் போடுகிறீர்களே, பக்கத்திலேயே ‘கதை முடிந்தது’ அல்லது ‘பாதியில் நின்றது’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள். பாதியில் நின்றதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை, நானே ஃபயர்ஃப்ளையை ஏழெட்டு முறை பார்த்தாயிற்று, ஆனால் தெரிந்து போய் விழுவது வேறு. அண்ணன் மகளிடம் அந்த டிவிடி பெட்டியைக் கொடுத்து, இது 14தான், முன்னாடியே சொல்லிவிட்டேன் என்றேன். வரிசை சரியாக இருக்கா சித்தப்பா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி