என் அம்மா எப்படிக் கேட்பார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மூத்தோர் நலன் பற்றிய உங்கள் கட்டுரையில், உதவிகள் நிறைய இருக்கின்றன, மூத்தோர்தான் முன்வந்து கேட்பதில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அம்மாவுக்கு 79 வயது. அப்பா போனபின் ஈசூனில் தனியாக இருக்கிறார். 2023இல் சிங்கப்பூர் அரசு, ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடர்ந்து உடல்நலம் பார்த்துக்கொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தைத் தொடங்கியபோது அம்மாவை நான்தான் பதிந்துவிட்டேன். மருத்துவர் நல்லவர், குறை சொல்லமாட்டேன். சர்க்கரையைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், நாலு பேரோடு பழகுங்கள் என்று ஒரு தாளும் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். அம்மா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதுதான் என் கண்ணில் பட்டது. அதில் எழுதியிருந்த மூத்தோர் நிலையம் இரண்டு புளோக் தள்ளித்தான் இருக்கிறது! அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறார், உள்ளே சீனப் பாட்டு கேட்பதால் அது நமக்கில்லை என்று நினைத்திருக்கிறார். 60 வயதைத் தாண்டிய எவரும் போகலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

இது இன்று நேற்று நடப்பதில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஓர் இடத்தில் இன்னோர் இடத்தின் எண்ணைக் கொடுப்பார்கள், அங்கே கேட்டால் மூன்றாவது எண், ஷிப்ட் வேலையில் இருந்த நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்து அலைந்தேன். எங்கே போனாலும் "மகளிடம் சொல்லுங்கள்" என்பார்கள். மகள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அப்புறம் ஒருநாள் மூத்தோரைப் பார்க்க வீடு வீடாக வரும் தொண்டூழியர் ஒருவர் வந்தார், தமிழர். அம்மா அவரோடு ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த செவ்வாய் அவரே அழைத்துப்போய் அந்த நிலையத்தில் உட்காரவைத்துவிட்டு வந்தார். இப்போது அம்மா வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சிக்குப் போகிறார், பக்கத்து வீட்டு மலாய் அம்மாவையும் கூட்டிக்கொண்டு! அம்மா கேட்கத் தயங்கவில்லை ஐயா, கேட்க ஆளில்லை.

கிளினிக்குகள் தாளைக் கொடுப்பதோடு விடாமல், அங்கிருந்தே நிலையத்துக்கு ஒரு போன் செய்து, யாரை எந்த நாளில் பார்க்கவேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்களும் தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ உள்ள நிலையங்களின் பட்டியலை மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். தயவுசெய்து பெரிய எழுத்தில், அம்மா கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி