ஹெல்சிங்கி 1952: பன்னாட்டு ஒலிம்பிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கோடைக்கால ஒலிம்பிக்கை எந்த நகரத்துக்கு அளிப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அந்தச் செலவைத் தாங்கப் பெரிய நாடுகளால்தான் முடியும் என்பது எழுதப்படாத விதியாகவே இருந்து வருகிறது. அந்த விதி உங்கள் குழுவின் சொந்த வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே, பின்லாந்தின் 1952ஆம் ஆண்டை உங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன்.

அன்றைய பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 41 லட்சம். சோவியத் ஒன்றியத்துடன் இருமுறை போரிட்டுத் தோற்று, நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்து, பறிபோன கிழக்குப் பகுதியான கரேலியாவிலிருந்து வீடுவாசலை விட்டு வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, எஞ்சிய நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துக் குடியமர்த்திய நாடு அது. தலைநகருக்கு அருகே போர்க்கலா தீபகற்பத்தில் சோவியத் படைத்தளம் இருந்தது. இவை போதாவென்று, 1944 செப்டம்பர் போர்நிறுத்த உடன்படிக்கை 30 கோடி டாலர் இழப்பீட்டையும் பொருளாகவே செலுத்தும்படி விதித்தது. அந்தப் பொருள்களின் மதிப்பை 1938ஆம் ஆண்டு விலைக்கணக்கில் கொள்வதெனப் பின்னர் முடிவாயிற்று. மரத்தையும் காகிதத்தையும் நம்பிப் பிழைத்த நாட்டிடம் கேட்கப்பட்டவற்றில் பெரும்பகுதி கப்பல்களும் இயந்திரங்களும் மின்வடங்களுமே. தவணை தவறினால் மாதத்துக்கு ஐந்து விழுக்காடு அபராதம் வேறு. பின்னர் கெடு எட்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, தொகையும் குறைக்கப்பட்டது என்றாலும், இல்லாத ஆலைகளை எழுப்பியே அந்தக் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையிலிருந்த நாட்டைத்தான் உங்கள் முன்னோர் தேர்ந்தெடுத்தார்கள். 1947 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் அவர்கள் கூடியபோது, பின்லாந்துடனான அமைதி உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நேச நாடுகளின் கண்காணிப்பு ஆணையம் தான் தங்கியிருந்த ஹெல்சிங்கியின் டோர்னி ஹோட்டலை விட்டு இன்னும் வெளியேறவில்லை. ஆம்ஸ்டர்டாமும் ஐந்து அமெரிக்க நகரங்களும் போட்டியில் நின்றன. இருந்தும் வாக்குகள் ஹெல்சிங்கிக்கே விழுந்தன. இன்றைய உங்கள் மதிப்பீட்டு அளவுகோல்களின்படி அந்த விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டியிருக்குமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

ஹெல்சிங்கி புதிதாகக் கட்டியதை விட, இருந்ததைப் பயன்படுத்தியதே அதிகம். போரினால் கைவிடப்பட்ட 1940 ஒலிம்பிக்குக்காக 1938இலேயே திறக்கப்பட்ட வெள்ளை நிற மைதானம் தயாராக இருந்தது. நகரின் கேப்பிலே பகுதியில் வீரர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு, போட்டி முடிந்ததும் நகர மக்களின் வீடுகளாயிற்று. அந்த ஆண்டு திறக்கப்பட்ட விமான நிலையமோ இன்றளவும் நாட்டின் முதன்மை விமான நிலையம். சோவியத் அணி தங்கிய ஒட்டானியெமி மாணவர் குடியிருப்பின் கதை இன்னும் சுவையானது. 1944இல் சோவியத் விமானங்கள் வீசிய குண்டுகளில் ஹெல்சிங்கியிலிருந்த சோவியத் தூதரகமே இடிந்து விழுந்தது. அந்த இடிபாடுகளிலிருந்து பொறியியல் மாணவர்கள் பொறுக்கிச் சுத்தம் செய்த செங்கற்களால்தான் அக்குடியிருப்பின் முதல் கட்டடங்கள் எழுந்தன. முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்த சோவியத் வீரர்கள் தங்கியது அந்த வளாகத்தில்தான்.

ஜூலை 19 அன்று கொட்டும் மழையில் தொடக்க விழா நடந்தது. தீபத்தை ஏந்தி மைதானத்துக்குள் ஓடிவருபவர் யாரென்று அதுவரை அறிவிக்கப்படவில்லை. தகவல் பலகையில் நூர்மி என்ற பெயர் தெரிந்ததும், அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசையைக் கலைத்து ஓடுபாதையின் ஓரத்துக்கு ஓடினார்கள். ஓடுவதற்குப் பணம் பெறக்கூடாது என்ற அன்றைய விதியை மீறிப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடவிடாமல் தடுக்கப்பட்ட, பின்லாந்தின் புகழ்பெற்ற ஓட்ட வீரர் பாவோ நூர்மிதான் அவர். அப்போது அவருக்கு 55 வயது. (தடை விதித்தது பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம்தான், நீங்கள் அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.) அந்தப் போட்டிகளில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் மூன்று நெடுந்தூர ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். மல்யுத்தத்தில் கே. டி. ஜாதவ் பெற்ற வெண்கலம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் என்பதால், எங்களுக்கும் அந்த ஆண்டோடு ஒரு சொந்தம் உண்டு.

போட்டிகள் ஆகஸ்ட் 3 அன்று முடிந்தன. ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18 அன்று இழப்பீட்டுப் பொருள்களின் கடைசி ரயில் வைனிக்கலா எல்லையைக் கடந்து சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. உலகையே விருந்துக்கு அழைத்த அதே கோடையில், அந்த நாடு போர்க்கடனின் கடைசித் தவணைகளைக் கட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, அவ்வளவு குறைந்த மக்கள்தொகை கொண்ட எந்த நாட்டுக்கும் கோடைக்கால ஒலிம்பிக் கிட்டவில்லை. சிறிய நாடுகளுக்கு விருப்பமோ திறமையோ குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஹெல்சிங்கியில் 149 போட்டிப் பிரிவுகள். பாரிஸ் 2024இல் 329. ஏறத்தாழ 4,900ஆக இருந்த வீரர் எண்ணிக்கை பத்தாயிரத்தைக் கடந்துவிட்டது. அவர்களில் பெண்கள் பாதியளவுக்கு வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் புதிய விளையாட்டுகளை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டே போவது நீங்கள் எடுக்கும் முடிவு. ஒலிம்பிக் செலவு கைமீறினால் என்னவாகும் என்பதற்கு, 1976இல் அதை நடத்திய மாண்ட்ரியல் சாட்சி. அந்தக் கடனை அந்நகர மக்கள் முப்பது ஆண்டுகள் கட்டித் தீர்த்தார்கள்.

ஏற்கெனவே உள்ள அரங்குகளைப் பயன்படுத்தலாம், போட்டிகளைப் பல நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று நீங்கள் விதிகளைத் தளர்த்தியிருப்பதை வரவேற்கிறேன். அடுத்த கட்டமாக, 50 லட்சம் மக்கள் கொண்ட ஒரு நாடு தனியாகவோ அண்டை நாட்டோடு சேர்ந்தோ நடத்தக்கூடிய அளவுக்குப் போட்டிப் பிரிவுகளுக்கும் பார்வையாளர் இருக்கைகளுக்கும் உச்சவரம்பு நிர்ணயித்து, 2036க்குப் பிந்தைய விண்ணப்பங்களைக் கோரும் முன்பே அதைப் பகிரங்கமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு விளையாட்டு ஆர்வலர்