ஹாரி பாட்டர் முடிந்தது, அடுத்து எது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்காகப் பலரும் கேட்டதால் இந்தக் குறிப்பு.

ரிக் ரியார்டனின் ‘பெர்சி ஜாக்சன்’ கதைகளில் வரும் குறும்புப் பேச்சு பிடித்திருந்தால் ஜொனாதன் ஸ்ட்ரவுடின் ‘பார்ட்டிமேயஸ்’ வரிசையைக் கொடுங்கள். முதல் நாவல் 2003இல் வந்த ‘தி அமுலெட் ஆஃப் சமர்கண்ட்’. பார்ட்டிமேயஸ் என்ற பூதத்தின் கிண்டல் பாதி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. மின்நூலில் அது வேறு பக்கத்துக்குத் தாவி சுவையைக் கெடுத்துவிடும், அச்சுப் புத்தகமே வாங்குங்கள். 2010இல் வந்த நான்காவது நூல் முன்கதை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

‘ஹங்கர் கேம்ஸ்’ ரசிகர்களுக்கு பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’. உலோகத்தை விழுங்கி, வயிற்றுக்குள் ‘எரித்து’ சக்தி பெறும் உலகம். எந்த உலோகம் என்ன செய்யும் என்பது மெதுவாகத்தான் பிடிபடும். முதல் நூறு பக்கத்தில் குழம்பி மூடிவிடுகிறார்கள். உலோகங்களை ஒரு தாளில் எழுதி வைத்தால் சிக்கலில்லை. இதே வரிசையின் ‘சீக்ரட் ஹிஸ்டரி’ குறுநாவலை மட்டும் முதலில் தொடவே கூடாது, முதல் மூன்று பாகங்களின் முடிச்சையும் அவிழ்த்துவிடும்.

மந்திரப் பள்ளி வேண்டுமா? அர்சுலா லெ க்வினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). சின்னப் புத்தகம், அருமையான நடை. இந்த வரிசையின் இரண்டாம் நூலில் நாயகன் தாமதமாகத்தான் வருவான், பொறுத்திருங்கள்.

வாங்குமுன் மதுரை நத்தம் சாலை கலைஞர் நூலகத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிள்ளையே பத்துப் பக்கம் படித்து முடிவு செய்யட்டும். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் தொகுப்பாக எடுக்கிறவர்கள் பாக எண்களைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.