அது வெறும் வீட்டுக்கூத்து அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கிரேக்க சினிமா கட்டுரையில், 'சோர்பாவுக்கும் அஞ்செலோபுலோஸுக்கும் நடுவே அங்கே வந்ததெல்லாம் வெறும் வீட்டுக்கூத்து' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 'சோர்பா' படம் வந்தது 1964இல். இயக்குநர் அஞ்செலோபுலோஸின் முதல் முழுநீளப் படம் 1970இல். இந்த நடுவில்தான், 1965இல், இயக்குநர் யோர்கோஸ் ஜவெல்லாஸ் 'மனைவி கணவனுக்கு அஞ்சக்கடவள்' என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை; ஆனால் அதன் ஸ்டில் மட்டும் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே 'மெலினா மெர்கூரி' என்று போட்டிருக்கிறீர்கள். ஸ்டில்லில் இருப்பது அந்த நடிகை அல்ல; படத்தின் நாயகி மாரோ கொந்து.

நான் கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். மெஸ் ரூமில் இந்தப் படத்தின் கேசட் அடிக்கடி ஓடும். சீஃப் இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை எனக்கு விளக்குவார். அந்தோனாக்கிஸும் எலெனியும் பல வருடமாகக் கல்யாணம் செய்யாமலே குடித்தனம் நடத்துகிறார்கள். அவர் உத்தியோகஸ்தர். அவள் ஆக்கிப்போட்டு, அதட்டலுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருப்பவள். ஒருவழியாகக் கல்யாணம் நடக்கிறது. அப்புறம் அவள் நிமிர்ந்துவிடுகிறாள். இத்தனை வருடம் செய்த ஊழியத்துக்கு இனி மரியாதை வேண்டும் என்கிறாள். அவருக்கோ அது தாங்கவில்லை.

படத்தின் பெயர், அவர்கள் கல்யாணத்தில் பாதிரியார் வாசிக்கிற பைபிள் வசனம். பவுல் எபேசியருக்கு எழுதியது. அந்த இடம் வந்ததும் மணப்பெண் மாப்பிள்ளையின் காலை மிதிப்பது வழக்கமாம். தன் மனைவி மிதித்த கதையை சீஃப் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்வார். ஆனால் எலெனி எதிர்த்துப் பேசும் இடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மெஸ்ஸே கப்சிப் என்றாகிவிடும். இதையா கூத்து என்கிறீர்கள்?

கதை நடப்பது ஏதென்ஸில், அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பிளாக்கா என்ற பழைய பகுதியில். அந்தக் காலத்து ஏதென்ஸில் பழைய வீட்டை பில்டரிடம் விட்டுவிட்டு, பதிலுக்கு அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். தெருத்தெருவாக முற்றத்து வீடுகள் போயின. யார் யாரோடு வாழ்கிறார், யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதெல்லாம் அந்த முற்றங்களில் பேசித் தீர்மானமான விஷயம். அந்த வாழ்க்கையை அது மறையும் நேரத்திலேயே பிடித்து வைத்த படம் இது.

தங்கள் பத்திரிகையில் இது புதிதல்ல. உலக சினிமா என்றாலே மழையும் மௌனமும்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நகைச்சுவை நடிகர் இறந்தால் ஒரு பெட்டிச் செய்தி, சோகப் படம் எடுத்தவர் இறந்தால் நாலு பக்கம். பழைய படங்களுக்கு இருந்த ஒற்றைப் பக்கத்தையும் எடுத்துவிட்டு நட்சத்திரப் பேட்டி போடுகிறீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில் இல்லை. நீண்டகாலச் சந்தாதாரன் என்பதால் வருத்தத்தோடு சொல்கிறேன்: சிரிக்க வைத்தவர்களைக் கீழ்ச்சாதியாக நடத்துகிறீர்கள். ஜவெல்லாஸ் பத்து வருடத்துக்கு முன்பே, 1955இல், 'கள்ள நாணயம்' எடுத்தவர். ஒரு போலிப் பவுன் கைமாறிக்கொண்டே போவதை வைத்து நாலு கதை சொன்னார். அவர் பெயரும் கட்டுரையில் இல்லை.

சரி, கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. ஸ்டில்லின் கீழே இருக்க வேண்டிய பெயர் மாரோ கொந்து என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளி,
தூத்துக்குடி