யாழினியின் பிசுபிசுப்புத் தலைக்கு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். ஊர்ச் சேதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். முதலில் யாழினியின் தலைமுடி. அவளை வாரத்துக்கு ஒரு நாள்தான் தலைக்குக் குளிக்க விடுகிறாய் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றே நிறுத்து.

அடிக்கடி குளித்தால் எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். எண்ணெய் வருவது முடியிலிருந்து இல்லை. முடிக்காலை ஒட்டித் தோலுக்குள் இருக்கும் சுரப்பியிலிருந்து. அந்தச் சுரப்பியை ஏவுவது ஹார்மோன். 16, 17 வயதில் முகமும் தலையும் சேர்ந்து வழிவது அதனால்தான். ஷாம்பு போட்டோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நம் பாட்டிமாரே செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு தடவை குளித்தவர்கள். யாழினி பஸ்ஸில் வெயிலில் போய் வருகிற பெண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கட்டும். வியர்த்து வழியும் சித்திரையில் தினமும் குளித்தாலும் பாதகமில்லை.

ஆனால் ஒன்றைச் சோதித்துக்கொள். குளித்து முடி காய்ந்த உடனேயே பிசுபிசு என்று இருக்கிறதா, மறுநாள்தான் அப்படி ஆகிறதா? மறுநாள் என்றால் சுரக்கும் எண்ணெய். காய்ந்த உடனேயே என்றால், ஒன்று சரியாக அலசவில்லை, இல்லாவிட்டால் உங்கள் போர் தண்ணீரின் வேலை. உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டியைத் தலைக்குப் போட்டால் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து மெழுகு மாதிரி முடியில் படியும். சீப்பில் வெள்ளை அழுக்கு ஒட்டினால் அதுதான் காரணம். அந்தத் தண்ணீருக்கு சோப்பு ஆகாது, ஷாம்புதான் சரி. கடைசியாக இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றி முடிக்கட்டும்.

கழுவுவதில்தான் பாதி பேர் தப்பு செய்கிறார்கள். முடியைக் கசக்குகிறார்கள், தலையை விட்டுவிடுகிறார்கள். முதலில் ஒரு நிமிடமாவது தலையை நன்றாக நனைக்க வேண்டும். ஒரு சாஷே ஷாம்புவை அரை சொம்பு தண்ணீரில் கலக்கி, அதில் பாதியை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கை போகவே போகாது. அங்கேயிருந்துதான் தொடங்கச் சொல். முதல் தடவை நுரை வராது, எண்ணெய் நுரையை அமுக்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சாஷே கிழிக்கக் கூடாது. அலசிவிட்டு மீதிப் பாதியைப் போட்டால் பொங்கிக்கொண்டு வரும். வழிகிற நுரையே பின்னலின் நீளத்துக்குப் போதும். கண்டிஷனர் வேண்டுமானால் காதுக்குக் கீழே மட்டும். உச்சியில் பட்டால் சாயங்காலமே முடி படிந்துவிடும்.

சீயக்காய் கேட்டிருந்தாய். எண்ணெய்த் தலைக்கு அது நல்லதுதான். ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, விதை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், வெந்தயம் 50 கிராம் போடு. வெந்தயத்தை அதற்கு மேல் போகவிடாதே. அதன் வழவழப்பு தலையிலேயே தங்கிவிடும். காயை ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், அந்தப் பதம் வரும்வரை வெயிலில் காயட்டும். மில்லில் உனக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள். மிளகாய் அரைத்த மெஷினில் போட்டால் தலை எரியும், கண்ணைத் திறக்க முடியாது. அரைத்த சூடு ஆறும்வரை தாளில் பரப்பி வை. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும், அப்புறம் பூஞ்சை. சல்லடையில் சலித்துத்தான் எடுத்து வைக்க வேண்டும். இடுப்பளவு முடிக்கு மூன்று மேஜைக்கரண்டி பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தட்டும். வடிகட்டாவிட்டால் திப்பி முடிக்காலில் ஒட்டிக்கொண்டு பொடுகு மாதிரித் தெரியும். வடிகஞ்சி சேர்ப்பது வறண்ட முடிக்கு, இவளுக்கு வேண்டாம்.

எண்ணெயே வைக்காதே என்று சொல்ல மாட்டேன், இடம்தான் மாற வேண்டும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது போகிற புரதத்தைக் குறைக்கும். ஒரு டீஸ்பூன் எடுத்து, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நுனியில் மட்டும் தடவு. உச்சியில் வைத்து ராத்திரி முழுக்க ஊறவிடுவதுதான் இவளுக்குக் கெடுதல். பொடுகு உண்டாக்கும் பூஞ்சைக்குத் தலையில் இருக்கும் கொழுப்புதான் தீனி.

எலுமிச்சம்பழத்தை நேராகத் தலையில் தேய்க்க வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுக்கும். சமையல் சோடாவும் வேண்டாம், முடி நார் மாதிரி ஆகிவிடும். ஈரத்தோடு பின்னிக்கொண்டு காலேஜுக்கு ஓட விடாதே, நாற்றம் வரும். வாரம் ஒரு முறை சீப்பை ஷாம்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல். பல்லின் அடியில் கறுப்பாகக் கோடு கட்டியிருக்கும் பார், அதைத்தான் வாரும்போதெல்லாம் முடியில் திரும்பப் பூசுகிறோம். தலையணை உறையையும் வாரம் இரண்டு தரம் மாற்று.

இதையெல்லாம் செய்தும் மஞ்சளாகப் பிசுக்குள்ள செதில் உதிர்ந்தால், புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்தால், தோல் மருத்துவரிடம் கூட்டிப்போ. பூஞ்சையைக் கொல்லும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுப்பார்கள். அதைப் போட்ட உடனே அலசினால் பலனில்லை; மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையில் இருக்க வேண்டும். எண்ணெயோடு முகப்பரு, தாடையில் முடி, மாதவிலக்குத் தள்ளிப்போவது எல்லாம் சேர்ந்து வந்தால் அது தலைமுடிப் பிரச்சினை மட்டும் இல்லை, மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவளிடம் தனியாக, பதமாகக் கேள்.

பூலாங்கிழங்கு உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் எழுது, இங்கே நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அனுப்புகிறேன். காய்ந்த உடனேயே பிசுக்கா, மறுநாளா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
மீனா